ஒரே வீட்டில் எனக்கு 19 பாகை போதும், மனைவிக்கு 23 வேண்டும். ஏன் இந்த வித்தியாசம்?

உங்கள் வீட்டிலும் ஹீற் பில் வந்த அன்றுதான் சண்டை தொடங்கியிருக்கும். "மனைவி சும்மா குளிருது குளிருது என்கிறா" என்று கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். அந்தச் "சும்மா"வுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அம்மா 2016 நவம்பரில் யாழ்ப்பாணத்திலிருந்து கனடாவுக்கு, ரொறன்ரோவின் ஸ்காபரோவுக்கு வந்தா. நாங்கள் அப்போது ஒரு வீட்டின் பேஸ்மென்றில், அதாவது நிலத்துக்குக் கீழுள்ள தளத்தில், வாடகைக்கு இருந்தோம். ஹீற்றைக் கூட்டிக் குறைக்கும் தேர்மோஸ்டற் மேலே வீட்டுக்காரர் கையில். அவர்களுக்கு 21 காட்டும். கீழே நான் வாங்கி வைத்த வெப்பமானி 17ஐத் தாண்டாது. எனக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. வெயர்ஹவுஸில் எட்டு மணித்தியாலம் பெட்டி தூக்கிவிட்டு வருகிறவன் நான். அம்மா நாள் முழுக்கக் கதிரையில். அசையாமல் இருக்கும் உடம்பு ஏறக்குறைய ஒரு நூறு வாட் பல்பின் அளவு சூட்டைத்தான் உண்டாக்கும். வயது போய்த் தசை வற்றினால் அதுவும் குறையும்.

"பழகிவிடும் அம்மா, இன்னொரு சுவெட்டர் போடுங்கோ" என்றேன். போட்டா. முகம் ஊதினது, முடி கொட்டினது, எல்லாவற்றையும் நாடு மாறினதில் போட்டுவிட்டோம். பெப்ரவரியில் இரத்தம் எடுத்துப் பார்த்தால் தைரொயிட் சுரப்பு மிகக் குறைவு, ஹீமோகுளோபினும் குறைவு. இரண்டுமே ஆளைக் குளிர வைக்கும். மூன்று மாதம் அம்மாவைப் பொறுமை இல்லாதவ என்று நினைத்திருக்கிறேன். இன்றைக்கும் அது நெஞ்சில் குத்துகிறது. குளிசை எடுத்தபின், அடுத்த குளிர்காலம் அதே பேஸ்மென்றில் ஒரேயொரு சுவெட்டரோடு இருந்தா.

குளிர்கிறவர்கள் எல்லாரும் நோயாளிகளா என்று யாரும் கமெண்டில் சண்டைக்கு வரவேண்டாம். நான் அப்படிச் சொல்லவில்லை. நோயே இல்லாமலும் ஆளுக்கு ஆள் மாறும். அலுவலகங்களுக்கு வெப்பநிலை கணிக்கும் முறையே 40 வயது, 70 கிலோ ஆண் ஒருவரின் உடம்பை வைத்து வந்தது, பெண்களுக்கு அது பொருந்தாது என்று 2015இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் இருவர் எழுதினார்கள்.

ரொறன்ரோவில் ஹீற் வீட்டுக்காரர் பொறுப்பென்றால் குளிர்காலத்தில் 21 பாகை கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் நகரசபையின் 311 இலக்கத்துக்குப் போன் அடித்து முறையிடலாம். எனக்கு இது பிறகுதான் தெரியும். தெரிந்திருந்தாலும், எங்கட ஆக்கள்தானே என்று அடித்திருக்க மாட்டேன்.   

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். மனைவி எந்தப் பக்கம் படுக்கிறா? ஜன்னல் பக்கம் என்றால் இன்றைக்கே இடம் மாற்றிக்கொள்ளுங்கள். அறைக் காற்று 21 இருந்தாலும் குளிர்ந்த கண்ணாடி பக்கத்தில் இருப்பவரின் சூட்டை இழுக்கும். டொக்டரிடம் தைரொயிட்டும் இரும்புச்சத்தும் பார்க்கச் சொல்லுங்கள். அதுவரைக்கும் 22இல் விடுங்கள், நீங்கள் ரீசேர்ட்டோடு இருக்கலாம்.