மூன்று செக்பாக்ஸ் டிக் செய்தும் பிஎச்பியில் ஒன்றுதான் வருகிறது, ஏன்?

படிவத்தில் மூன்று செக்பாக்ஸை டிக் செய்து அனுப்பினாலும் சர்வரில் ஓடும் பிஎச்பி பக்கம் கடைசி ஒன்று மட்டும் வருகிறது என்கிறீர்கள். பிரவுசர் மேல் தப்பில்லை, அது மூன்றையும் அனுப்பிவிடுகிறது. ஒரே பெயரில் வருபவற்றை பிஎச்பி ஒன்றின் மேல் ஒன்றாக எழுதிவிடுவதால் கடைசியாக வந்ததுதான் மிஞ்சும்.

செக்பாக்ஸின் பெயருக்குப் பின்னால் [] என்று வெற்றுச் சதுர அடைப்புக்குறி போடுங்கள், அவ்வளவுதான். படிவத்தில் வந்தவற்றை பிஎச்பி வைக்கும் போஸ்ட் மாறியில் ($_POST) அவை அர்ரேயாகவே, அதாவது ஒரே பட்டியலாகவே கிடைக்கும். ஆனால் அங்கே எடுக்கும்போது அடைப்புக்குறி இல்லாத பெயரைத்தான் கொடுக்க வேண்டும். இதில் நானே ஒரு மாலைப்பொழுதைத் தொலைத்திருக்கிறேன். எதையும் டிக் செய்யாவிட்டால் அந்தப் பெயரே வந்து சேராது, ஆகவே இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள்.

சரி, படிவமாக இல்லாமல் ஜாவாஸ்கிரிப்டின் ஃபெட்ச் (fetch) வழியாக, தரவை உரையாக எழுதும் ஜேசன் (JSON) வடிவில் அனுப்பினால்? போஸ்ட் மாறி காலியாகத்தான் இருக்கும். வந்த உரையை பிஎச்பியின் இன்புட் ஸ்ட்ரீமிலிருந்து (php://input) அப்படியே படித்து, ஜேசன் டிகோட் (json_decode) செய்ய வேண்டும். இரண்டாவது ஆர்குமென்ட்டாக ட்ரூ கொடுத்தால் உள்ளே இருக்கும் ஆப்ஜெக்ட்களும் அர்ரேயாகிவிடும்.

அப்புறம், பட்டியல் நீளமென்றால் நான் ஜேசன் பக்கம்தான். படிவமாக அனுப்பினால், பிஎச்பியின் செட்டிங்கை மாற்றாதவரை 1000 உள்ளீடுகளுக்கு மேல் பிஎச்பி வெட்டிவிடும். ஜேசனுக்கு அந்த வரம்பு கிடையாது.