வீணாகிப் போனாரா?

அன்புள்ள ஐயா,

நான் கேத்திக்காரன். 'மூன்றாம் பிறை' கடைசிக் காட்சியில் எங்கள் ஊர் ரயில் நிலையம் வருவதால் அந்தப் படத்தைப் பலமுறை பார்த்திருக்கிறேன். போன வாரம் பார்த்தபோது தலைமையாசிரியராக வரும் பூர்ணம் விஸ்வநாதன் மேல் கண் போனது. பெரிய நாடக நடிகர் என்கிறார்கள். ஆனால் சினிமாவிலும் டிவியிலும் அப்பா, தாத்தா, ஹெட்மாஸ்டர் என்று வந்தே வீணாகிப் போனாரே! அவர் நடித்த தொடர்களின் பட்டியல் கிடைக்குமா?

க., கேத்தி

அன்புள்ள க.,

பட்டியலை நீங்களே தேடிக்கொள்ளலாம். 'வீணாகி' என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்காகத்தான் இந்தப் பதில். கொஞ்ச நாளாக எனக்கும் இந்தச் சொல்லைப் பற்றித்தான் நினைப்பு.

அவர் எதில் வீணானார், சொல்லுங்கள். 1947 ஆகஸ்ட் 15 அன்று, 25 வயதில், நாடு விடுதலை பெற்ற செய்தியை டெல்லி வானொலியில் தமிழில் வாசித்தவர். வேலை வானொலியில், மனசு மேடையில். பிறகு சொந்தக் குழு நடத்தினார். சுஜாதா அதற்காகவே நாடகங்கள் எழுதினார். 'கடவுள் வந்திருந்தார்' நாடகத்தில் அவர் ஓய்வு பெற்ற சீனிவாசன். எதிர்காலத்திலிருந்து வந்த ஜோ அவர் கண்ணுக்கு மட்டும்தான் தெரிவான். வீட்டில் எல்லோரும் அவருக்குப் பைத்தியம் என்பார்கள். நாடகம் முழுக்க அவர் தோளில்தான் நிற்கும். அந்த மனிதரைப் படத்தில் பத்து நிமிஷம் பார்த்துவிட்டு வீண் என்கிறீர்கள். நீங்கள் பார்க்காததெல்லாம் நடக்கவே இல்லையா? கேமரா இல்லாத இடத்தில் செய்தது கணக்கில் வராதா? இப்படிப் பேசிப் பேசித்தான் நாடகக்காரர்களை 'சினிமாவுக்குப் போக முடியாதவர்கள்' ஆக்கிவிட்டோம். உங்கள் மேல் கோபம் இல்லை, தம்பி. அந்தச் சொல்தான் பொறுக்கவில்லை.

நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. அப்பாவுக்கு நம் நீலகிரியின் பந்தலூர் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் வேலை. சாஸ்திரி – சிறிமாவோ ஒப்பந்தத்தில் இலங்கையிலிருந்து வந்த குடும்பங்கள்தான் அங்கே அதிகம். தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டும் (கிளைகளைக் கழிக்கும்) ஒருவர் இருந்தார், எல்லோருக்கும் மாமா. சிலோனில், மன்மதன் கதையை ஆடும் காமன் கூத்தில் ரதி வேஷம் கட்டியவர். மாரியம்மன் திருவிழாவுக்கு ஒரு சமூக நாடகம் போட்டார்கள். தகரக் கொட்டகை. மாமாவுக்கு அப்பா வேஷம்தான், நீங்கள் சொல்கிற அதே அப்பா. ஓடிப்போன மகள் திரும்பி வந்து வாசலில் நிற்கிறாள். அவர் ஏதோ சொல்ல வேண்டும். அந்த நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. பந்தலூர் மழை தகரத்தில் விழுந்தால் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது.

மாமா கத்தவில்லை. திண்ணையில் உட்கார்ந்தார். மடியிலிருந்து வெற்றிலையை எடுத்து வேட்டியில் துடைத்தார். காம்பைக் கிள்ளினார். பின்பக்க நரம்பை நகத்தால் மெதுவாக உரித்தார். சுண்ணாம்பு தடவினார். ஒரு தடவைகூட மகளை நிமிர்ந்து பார்க்கவில்லை. மடித்த வெற்றிலையை வாயருகே கொண்டுபோனவர், போடாமல் அப்படியே கையில் வைத்துக்கொண்டார். அடுத்த வெற்றிலையை எடுத்தார். கூட்டத்தில் ஒருவர் எழுந்திருக்கவில்லை. என் அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். மழை விட்டதும் மடித்து வைத்திருந்ததை மகளிடம் நீட்டி, "சாப்பிட்டியா?" என்றார். நாடகத்தில் அப்படி ஒரு வசனமே கிடையாது என்று அப்புறம்தான் சொன்னார்கள்.

அடுத்த நாள் காலை பள்ளிக்கூடம் போகும்போது அவரைப் பார்த்தேன். தலையில் மழைக்குப் போட்டுக்கொள்ளும் கொங்காணி, கையில் கவ்வாத்துக் கத்தி. காதோரம் பவுடர் சரியாகக் கழுவப்படாமல் இருந்தது. "என்னடா, பரீட்சை முடிஞ்சுதா?" என்று கேட்டுவிட்டு மலைக்கு ஏறிப் போய்விட்டார்.