நகையை வைத்து நடத்தும் கண்காட்சி

கேள்வி: ஐயாவுக்கு வணக்கம். நான் மட்டக்களப்பு கல்லடியில் இருக்கிறேன், வயது 39. சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் படித்துவிட்டு ஓவியத்தையே முழுநேரத் தொழிலாக வைத்திருக்கிறேன். வாவி, தோணி, கல்லடிப் பாலம், வயல் என்று நீர்வர்ணத்திலும் அக்ரிலிக்கிலும் வரைகிறேன். பிள்ளைகளுக்கு வகுப்பு எடுப்பதில் மாதம் 40,000 ரூபா வரும். மூன்று வருடமாக ஆவணியில் சொந்தக் கண்காட்சி வைக்கிறேன். அதற்காக மனைவியின் நாலு பவுண் நகை வங்கியில் அடகில் இருக்கிறது. கடன் இப்போது 420,000 ரூபா, வட்டி நூற்றுக்கு 15. போன முறை 28 படம் வைத்ததில் 7 விற்றது. மற்றப்படி வட்ஸ்அப்பில் கேட்டும் வீட்டுக்கு வந்தும் வருடம் முழுக்க ஒரு 19 படம் போயிருக்கும், ஒன்று சராசரி 15,000. எனக்கு மார்க்கெட்டிங் தெரியவில்லை என்கிறார் மச்சான், மனைவியின் அண்ணன். கொழும்பில் ஒரு நிறுவனம் மாதம் 35,000 ரூபாவுக்கு ஆறு மாதம் பேஸ்புக், இன்ஸ்டகிராம் எல்லாம் பார்த்துத் தருமாம். பவுண் விலை ஏறியிருப்பதால் அதே நகைக்கு இன்னும் இரண்டு இலட்சம் எடுக்கலாம் என்றும் சொல்கிறார். எடுக்கலாமா? செலவுக் கணக்கை இத்துடன் வைத்திருக்கிறேன்.

பதில்: எடுக்க வேண்டாம், தம்பி. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் நீங்கள் அனுப்பிய கணக்குத் தாள். 28 படத்துக்கும் கண்ணாடி போட்டுப் பிறேம் அடித்தது, ஒன்று 4,500 படி 126,000. மண்டபம், ஒலிபெருக்கி, கதிரை 35,000. பனர், அழைப்பிதழ், சிறு கையேடு 28,000. பொன்னாடை, மாலை, சிற்றுண்டி, வீடியோ 31,000. ஆகமொத்தம் 220,000. விற்ற 7 படத்தின் விலை 140,000. அதில் இரண்டு படத்தைச் சொந்தக்காரர்கள் ‘பிறகு தாறம்’ என்று எடுத்துப் போயிருக்கிறார்கள், 40,000. கைக்கு வந்தது ஒரு இலட்சம். 120,000 துண்டு விழுந்திருக்கிறது. தாள், வர்ணம், உங்கள் உழைப்பு எதையும் நான் இன்னும் சேர்க்கவில்லை.

அதே தாளின் அடியில் பென்சிலால் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: ‘அதிதிகளுக்கு நினைவுப் பரிசு, 3 படம்’. மன்னிக்க வேண்டும், அதைப் பார்த்ததும் எனக்குக் கொஞ்சம் கோபம் வந்தது. குத்துவிளக்கு ஏற்ற ஒரு பிரதம அதிதி, பக்கத்தில் இரண்டு சிறப்பு அதிதிகள். அவர்களுக்குப் பொன்னாடையும் போட்டு, இருந்ததிலேயே நல்ல படங்களையும் தூக்கிக் கொடுத்து அனுப்பியிருக்கிறீர்கள். மூன்று வருடத்தில் அப்படி ஒன்பது படமாவது போயிருக்கும். அந்த அதிதிகளில் யாராவது பிறகு ஒரு படம் காசு கொடுத்து வாங்கினார்களா? வாங்கியிருந்தால் கட்டாயம் எழுதியிருப்பீர்கள்.

நம் ஊரில் புத்தக வெளியீடும் அரங்கேற்றமும் கண்காட்சியும் ஒரே அச்சில்தான் நடக்கின்றன. மேடை, வாழ்த்துரை, ஏற்புரை, வீடியோ. அது மரியாதைக்கான விழா, அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் வந்தவர் சுவரைப் பார்ப்பதற்கு முன் மேடையைப் பார்க்கிறார், சிற்றுண்டி முடிந்ததும் வீட்டுக்குப் போகிறார். இதை மார்க்கெட்டிங் என்று நினைத்து நகையை வைப்பதுதான் உங்களைக் கெடுக்கும் பழக்கம்.

இந்தக் கடன் எப்படி வளர்ந்தது என்று பாருங்கள். முதல் வருடம் 150,000. அடுத்த முறை வட்டியைக் கட்டி நகையைத் திருப்பி வைத்தபோது 280,000. போன வருடம் 420,000. நகை அதே நாலு பவுண்தான். பவுண் விலை ஏற ஏற வங்கி கூடத் தருகிறது, நீங்களும் கைக்குக் காசு வந்ததாக நினைக்கிறீர்கள். ஏறினது நகையின் விலை, அந்த நகையும் உங்கள் கையில் இல்லை. இப்போது வருடத்துக்கு வட்டி மட்டும் 63,000, மாதத்துக்கு 5,250. கிட்டத்தட்ட நாலு படத்தை வங்கிக்கென்றே வரைகிறீர்கள்.

சரி, கொழும்பு நிறுவனத்தின் பெக்கேஜ். ஆறு மாதத்துக்கு 210,000. ஒரு படத்தில் பொருட்செலவு போக 12,000 மிஞ்சும் என்று வைத்தால், அவர்களுக்குக் கொடுத்ததை எடுக்கவே 18 படம் கூடுதலாக விற்க வேண்டும். இப்போது கண்காட்சிக்கு வெளியே ஒரு வருடத்தில் விற்பது 19. அத்தனை விற்றுத் தருவோம் என்று அவர்கள் கையெழுத்துப் போடுவார்களா? மாட்டார்கள். எத்தனை பேர் பார்த்தார்கள், எத்தனை லைக் என்று மாதக் கடைசியில் ஓர் அறிக்கை அனுப்புவார்கள். அந்த அறிக்கையைக் காட்டி வங்கியில் வட்டி கட்ட முடியாது. மச்சான் நல்ல மனதோடுதான் சொல்கிறார், அது விளங்குகிறது. ஆனால் வைக்கச் சொல்வது அவருடைய நகையை அல்ல.

இனி உங்கள் கடிதத்தில் நீங்களே கவனிக்காமல் விட்ட இடத்துக்கு வருகிறேன். ‘மற்றப்படி ஒரு 19 படம் போயிருக்கும்’ என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். 19 படம், ஒன்று 15,000 படி 285,000. மண்டபம் இல்லை, மாலை இல்லை, பிறேம்கூட வாங்கினவர் அடித்துக்கொண்டார். தம்பி, உங்கள் வியாபாரம் இதுதான். இந்தப் பத்தொன்பது பேர் யார்? பெயரும் இலக்கமும் எங்கேயாவது எழுதி வைத்திருக்கிறீர்களா? ‘போயிருக்கும்’ என்று எழுதியதைப் பார்த்தால் இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

என் அலுவலகச் சுவரில் பாலத்தின் படம் ஒன்று தொங்குகிறது. வரைந்தவர் உங்களுக்கு மூத்த தலைமுறை. வாங்கி ஒரு வருடம் கழித்து மாரி மழை நேரத்தில் அவரிடமிருந்து ஓர் அழைப்பு: ‘தம்பி, படத்துக்குப் பின்னால ஈரம் ஏறியிருக்கா? ஒருக்கா கழட்டிப் பாருங்க.’ பார்த்தேன், மூலையில் ஈரம்தான். அவரே வந்து பின் அட்டையை மாற்றிக் கொடுத்தார், காசு வாங்கவில்லை. போகும்போது புதிதாக வரைந்த இரண்டைத் தொலைபேசியில் காட்டினார். ஒன்றை அங்கேயே வாங்கினேன். மற்றதை என் தங்கச்சி வாங்கினாள்.

தடித்த அட்டை போட்ட ஒரு சிஆர் கொப்பி வாங்குங்கள். யார், எப்போது, எந்தப் படம், எவ்வளவு, எந்த ஊர் என்று அந்தப் பத்தொன்பதையும் ஞாபகப்படுத்தி எழுதுங்கள். அவர்களில் வெளிநாட்டில் இருக்கிறவர்கள் எத்தனை பேர் என்று பாருங்கள். சுவிஸிலும் லண்டனிலும் இருக்கிற நம் ஆட்களுக்கு வாவியின் படம் வெறும் அலங்காரம் இல்லை. அப்படியானவர்களுக்குக் கன்வஸைச் சட்டத்திலிருந்து கழற்றி, வர்ணம் வெளிப்பக்கம் வருகிற மாதிரிச் சுருட்டி, எஸ்லோன் பைப்பில், அதுதான் பிளாஸ்டிக் குழாயில், போட்டு அனுப்பலாம். கண்ணாடியும் வேண்டாம், பெட்டியும் வேண்டாம். காசு வங்கிக்கு வந்த பிறகு அனுப்புங்கள், சொந்தக்காரராக இருந்தாலும்.

வெளியாட்கள் வாங்குகிற இடமும் பக்கத்திலேயே இருக்கிறது. பாசிக்குடாவிலும் அறுகம்பேயிலும் சித்திரை, வைகாசி தொடக்கம் புரட்டாதி வரை வெள்ளைக்காரர் வருகிறார்கள். நீங்கள் கண்காட்சி வைக்கிற ஆவணியும் அதற்குள்தான் வருகிறது. அந்த நேரத்தில் நீங்களோ நகரத்து மண்டபத்தில் அதிதிக்காகக் காத்துக்கொண்டு நிற்கிறீர்கள். சூட்கேசுக்குள் தட்டையாக வைக்கிற அளவில் நீர்வர்ணம் போடுங்கள், மவுண்ட் போர்ட் அடித்து பொலித்தீன் உறையில் வையுங்கள். ஹோட்டல் கடையில் கொடுத்தால் கொமிஷன் கேட்பார்கள், மூன்றில் ஒன்று முதல் பாதி வரைகூடப் போகும். அதை விலையில் முதலே சேர்த்துக்கொள்ளுங்கள். எத்தனை படம் வைத்தீர்கள் என்று கையெழுத்து வாங்காமல் மட்டும் வைத்துவிட்டு வராதீர்கள்.

கொழும்பில் காட்ட ஆசை என்றால் கலா பொல இருக்கிறது. ஜோர்ஜ் கீற் மன்றம் 1993இல் தொடங்கிய திறந்தவெளிச் சந்தை அது. ஆனந்த குமாரசுவாமி மாவத்தையின் நடைபாதையில் ஓவியர்களே நின்று விற்பார்கள், மேடைப் பேச்சுக் கேட்க அங்கே ஆட்கள் வருவதில்லை. முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். பஸ் செலவும் ஒரு நாள் தங்கும் செலவும் வரும்.

28 படத்தில் விற்ற 7, பரிசாகக் கொடுத்த 3 போக வீட்டில் அடுக்கியிருக்கிற 18 பிறேம் படத்துக்கு வருவோம். கல்லடியில் ஒரு பக்கம் கடல், மறு பக்கம் வாவி. உப்புக் காற்றில் கண்ணாடிக்கும் தாளுக்கும் நடுவில் பூஞ்சணம் பிடிக்க ஒரு மாரி போதும். பிறேமுக்கு மட்டும் 81,000 அதற்குள் முடங்கியிருக்கிறது. மழைக்கு முன்னால் தள்ளிவிடுங்கள். நம் ஆட்கள் வீடு குடிபூரலுக்கு என்ன கொண்டு போகிறார்கள்? சுவர்க்கடிகாரம். ஒரே வீட்டில் ஐந்து மணிக்கூடு நான் பார்த்திருக்கிறேன். 10,000 ரூபாவுக்கு வாவிப் படம் இருக்கிறது என்று தெரிந்தால் நாலு பேர் சேர்ந்து வாங்குவார்கள். உங்கள் வழக்கமான விலையை விட அது குறைவுதான், அதனால் பழைய படத்துக்கு மட்டும் இந்த விலை என்று சொல்லி விற்றுவிடுங்கள்.

18 படமும் போனால் 180,000. அதை அப்படியே அடகில் கட்டினால் கடன் 240,000 ஆகும், வட்டி மாதம் 3,000க்கு இறங்கும். நகை எல்லாம் ஒரே அடகுச் சீட்டில் இருந்தால், அடுத்த முறை திருப்பி வைக்கும்போது காப்பு வேறு, சங்கிலி வேறு என்று தனித்தனிச் சீட்டாகக் கேளுங்கள். ஒவ்வொன்றாக மீட்கலாம். முதலில் வீட்டுக்கு வருவது எது என்பதை உங்கள் மனைவி சொல்லட்டும்.

மச்சானிடம் இதை நீங்கள் சொல்லாதீர்கள், அதையும் மனைவியே சொல்லட்டும். நகை அவருடையது. நம் பக்கத்து வழக்கப்படி வீடும் அவருடைய சீதனமாகத்தான் இருக்கும். அண்ணனிடம் தங்கச்சி ‘காப்பு வரட்டும், அதுக்குப் பிறகு விழா வைப்பம்’ என்றால் அவர் என்ன சொல்ல முடியும்? சொந்தக்காரர்கள் எடுத்துப் போன இரண்டு படத்தின் காசையும் மச்சான் வாயாலேயே கேட்க வைத்தால் இன்னும் நல்லது.

ஒன்றை மட்டும் உங்கள் கடிதத்தில் காணவில்லை: அடகுச் சீட்டின் தவணை முடிகிற திகதி. போன ஆவணியில் வைத்த நகை என்றால் அதிக நாள் இருக்காது. அது தவறினால் நகை ஏலத்துக்குப் போகும். சீட்டை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். திகதி கிட்டவென்றால் 18 படம் விற்கும்வரை காத்திருக்காமல், வகுப்புக் காசிலிருந்து வட்டியைக் கட்டித் திருப்பி வையுங்கள். அப்போது வங்கியில் ‘இன்னும் இரண்டு இலட்சம் தரலாம்’ என்று அவர்களாகவே சொல்வார்கள். வேண்டாம் என்றுவிட்டு வாருங்கள்.