வைரத் தோடு, வைர பிளேடு: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: தரையில் விழுந்த வைரத் தோட்டில் ஒரு கல்லின் ஓரம் பெயர்ந்துவிட்டது. நிஜ வைரம் உடையாது என்கிறார் மாமியார். ஏமாந்துவிட்டேனா?

பதில்: இதை மட்டும் வைத்துக் கடைக்காரரைச் சந்தேகிக்க வேண்டாம். நல்ல வைரமும் உடையும். மோஸ் அளவுகோலில் வைரத்துக்குக் கிடைத்த 10, கீறலைத் தாங்குவதற்கான மதிப்பெண். அடியைத் தாங்குவது வேறு சங்கதி. வைரத்தில் ஒவ்வொரு கார்பன் அணுவும் நான்கு அணுக்களோடு நான்முகியாகப் பிணைந்திருக்கிறது. பிணைப்புகள் எல்லாமே வலுவானவைதான். ஆனால் வைரப் படிகத்தின் எட்டு முக வடிவமான எண்முகியின் முகங்களுக்கு இணையான தளங்களுக்கு நடுவே அவை எண்ணிக்கையில் குறைவு. அங்கே சரியாக அடி விழுந்தால், நாரோட்டம் பார்த்து வெட்டிய விறகு மாதிரி பிளந்துவிடும். பெரிய கற்களை அந்தக் காலத்தில் இப்படித்தான் பிளந்தார்கள். சுத்தியலால் தட்டிச் சோதிக்கச் சொல்பவர் கையில் மட்டும் தோட்டைக் கொடுத்துவிடாதீர்கள்! அப்புறம், வைரத்தை வைரம் கீறும். எல்லா நகையையும் ஒரே டப்பாவில் போட்டு வைக்க வேண்டாம்.

கேள்வி: புதிதில் இருந்த ஜொலிப்பு இப்போது இல்லையே?

பதில்: தலைக்கு எண்ணெய் வைப்பீர்களா? வைரத்தின் மேல் தண்ணீர் பரவாது. எண்ணெய்ப்பசை நன்றாக ஒட்டும். சுரங்கங்களில் கிரீஸ் பூசிய மேசைமேல் நொறுக்கிய பாறையைத் தண்ணீரோடு ஓடவிட்டு வைரத்தைப் பிரித்ததே இந்தக் குணத்தை நம்பித்தான். ஒளியை எவ்வளவு வளைக்கும் என்று சொல்லும் ஒளிவிலகல் எண் வைரத்துக்கு 2.42, அதாவது மிக அதிகம். உள்ளே போன ஒளி, கல்லின் அடிப்பக்கத்தில் எதிரொளித்து மேலே திரும்புவதுதான் ஜொலிப்பு. அடியில் அழுக்குப் படிந்தால் ஒளி அங்கேயே கசிந்துவிடும். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, மென்மையான பிரஷ்ஷால் பின்பக்கத்தையும் தேயுங்கள்.

கேள்வி: வைரம் தீயில் எரியுமா?

பதில்: எரியும். ஆக்சிஜனில் சுமார் 700 முதல் 800 டிகிரி செல்சியஸில் கார்பன் டை ஆக்சைடாகிவிடும். 1797இல் ஆங்கிலேய வேதியியலாளர் ஸ்மித்சன் டென்னன்ட் அப்படி எரித்துத்தான் வைரம் வெறும் கார்பன் என்று காட்டினார்.

கேள்வி: டெஸ்டர் கருவி ‘வைரம்’ என்று காட்டினால் நம்பலாமா?

பதில்: பாதி நம்பலாம். வைரம் செம்பைவிடப் பல மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். சாதாரண டெஸ்டர் பார்ப்பது அதைத்தான். அமெரிக்கன் டைமண்ட் எனப்படும் ஜிர்கோனியா இதில் மாட்டிக்கொள்ளும். வைரம் போலவே தெரியும் இன்னொரு கல்லான மொய்சனைட் தப்பிவிடும். லேபில் வளர்த்த கல்லோ நிஜ வைரமேதான், அணு அமைப்பும் அதே. அதைப் பிரித்தறிய ஆய்வகம் வேண்டும். விலை பெரிதும் குறைவு என்பதால், பில்லில் எந்த வகை என்று எழுதி வாங்குங்கள்.

கேள்வி: கிரானைட் அறுக்கும் வைர பிளேடால் இரும்பையும் அறுக்கலாமா?

பதில்: சாதாரண வைர பிளேடு வேண்டாம். சூடேறிய இரும்பில் கார்பன் கரையும். பிளேடிலுள்ள வைரத்துகள் சீக்கிரம் தேய்ந்துபோகும். எஃகைக் கடைய கியூபிக் போரான் நைட்ரைடு கருவிகள் இருக்கின்றன. கடினத்தில் வைரத்துக்கு அடுத்தபடிதான், ஆனால் இரும்போடு ஒத்துப்போகும்.