லண்டனில் டெரஸ் வீடு (பக்கச் சுவரோடு ஒட்டி வரிசையாகக் கட்டிய வீடு) வாங்கப் போகிறோம். பழைய விற்பனை விலை, பிளானிங் (கட்ட அனுமதி), ஈபிசி (வீட்டின் எரிசக்திச் சான்றிதழ்) விவரங்களை நாமே பார்க்க முடியுமா?

முடியும், பெரும்பாலும் காசில்லாமலே. சொலிசிட்டர் (நம் வக்கீல்) தேடிச் சொல்லட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அவர் வேலையைத் தொடங்குவது நீங்கள் ஆஃபர் கொடுத்து அதை விற்பவர்கள் ஏற்ற பிறகுதான். அதற்குள் மனம் அந்த வீட்டில் குடியேறிவிடும்.

போன வருஷம் ஈஸ்ட் ஹாமில் வீடு தேடினோம். ஒரு வீடு எல்லாருக்கும் பிடித்துவிட்டது. விளம்பரத்தில் நான்கு பெட்ரூம். நான்காவது, கூரைக்கடியில். ஏணியைவிடக் கொஞ்சம் அகலமான படிக்கட்டு, ஏறும்போது நெற்றியில் இடிக்கும். "ஓனர் வாங்கும்போதே இந்த ரூம் இருந்தது" என்றார் ஏஜென்ட். சரி என்று கேட்டுக்கொண்டு, அன்று ராத்திரி உட்கார்ந்து தேடினேன்.

முதலில் விலை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1995 முதல் விற்ற வீடுகளின் விலையை லேண்ட் ரெஜிஸ்ட்ரி (அரசின் சொத்துப் பதிவகம்) இணையத்தில் போட்டு வைத்திருக்கிறது. போஸ்ட்கோடு கொடுத்தால் போதும். டெரஸ் வீடுகள் ஒரே கையால் வரிசையாகக் கட்டியவை என்பதால், அதே தெருவில் விற்ற விலைதான் நல்ல அளவுகோல். விற்பனை பதிவேற ஓரிரு மாதம் ஆகும் என்பதால் மிக அண்மையில் விற்றவை இருக்காது. நாங்கள் பார்த்த வீடு கடைசியாக விற்றது 2012-இல். அதன் பிறகு கைமாறவில்லை. யார் பெயரில் இருக்கிறது, மோர்ட்கேஜ் உண்டா, நிபந்தனை ஏதும் உண்டா என்று பார்க்க டைட்டில் ரெஜிஸ்டர் என்ற உரிமைப் பதிவை வாங்கலாம், 7 பவுண்ட். அரசுத் தளத்திலேயே வாங்குங்கள். அதே தாளை மூன்று நான்கு மடங்கு விலைக்கு விற்கும் தளங்கள்தான் கூகுளில் மேலே வந்து நிற்கும்.

அடுத்து ஈபிசி. ஏ, பி, சி என்ற எழுத்தை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். எனக்கு அந்த எழுத்தைவிடக் கீழே இருக்கும் வரிகள்தான் முக்கியம். சான்றிதழ் 10 வருஷம் செல்லும். காலாவதியான பழையதும் பக்கத்தின் அடியில் கிடைக்கும். இந்த வீட்டுக்கு இரண்டு இருந்தன. 2012-இல் பரப்பளவு 82 சதுர மீட்டர். கூரை வரியில் சாய்கூரை, 100 மில்லிமீட்டர் இன்சுலேஷன். 2024-இல் 104 சதுர மீட்டர். அதே வரியில் கூரை அறை, இன்சுலேஷன் இல்லை, பக்கத்தில் "அனுமானம்" என்ற சொல். சான்றிதழுக்காகப் பார்வையிட வந்தவர் சுவரைப் பிரித்துப் பார்க்கவில்லை, வீட்டின் வயதை வைத்து ஊகித்தார் என்று அதற்குப் பொருள். சுவர் வரியிலும் அந்தச் சொல் வரும். அதை நீங்களே சோதிக்கலாம்: வெளியே நின்று செங்கல் வரிசையைப் பாருங்கள். நீளக் கல்லுக்கு நடுநடுவே குட்டைத் தலை தெரிந்தால் அநேகமாக இடைவெளி இல்லாத கெட்டிச் சுவர், சூடு நிற்காது.

2012-இல் இல்லாத 22 சதுர மீட்டர் 2024-இல் எங்கிருந்து வந்தது? நடுவில் வீடு கைமாறவே இல்லை. ஆக, அறையைக் கட்டியது இப்போதைய ஓனர்தான்.

அப்புறம் கவுன்சிலின் பிளானிங் பக்கம். அந்த முகவரிக்கு ஒன்றுமே இல்லை. அதனாலேயே திருட்டுக் கட்டடம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். டெரஸ் வீட்டுக் கூரையில் 40 கன மீட்டர் வரை, நிபந்தனைகளுக்கு உட்பட்டு, பிளானிங் அனுமதி கேட்காமலே கட்டலாம். ஆனால் பில்டிங் ரெகுலேஷன் (கட்டிய விதம் பாதுகாப்பானதா என்ற விதிமுறை) வேறு கதை. கூரையை அறையாக்கினால் அது கட்டாயம். உத்தரம் தாங்குமா, தீப்பிடித்தால் இறங்க வழி உண்டா என்பதையெல்லாம் பார்த்துவிட்டுத் தருவது முடிவுச் சான்றிதழ். பிளானிங், பில்டிங் ரெகுலேஷன் இரண்டையும் குழப்பிக்கொள்ளாதவர்களை நான் பார்த்ததே இல்லை, என்னையும் சேர்த்து. பக்கத்து வீடுகளின் எண்களையும் போட்டுத் தேடுங்கள். இரண்டு வீடு தள்ளி ஒருவர் முறையாக விண்ணப்பித்த வரைபடம் அப்படியே கிடைத்தது. அதில் படிக்கட்டுக்கு மேலே எவ்வளவு உயரம் விட்டிருக்கிறார்கள் என்று பார்த்தபோதுதான் நெற்றியில் இடித்தது ஏன் என்று புரிந்தது.

ஏஜென்ட்டிடம் அந்த முடிவுச் சான்றிதழைக் கேட்டேன். இல்லை, அதற்குப் பதில் இன்டெம்னிட்டி இன்ஷூரன்ஸ் எடுத்துத் தருகிறோம் என்றார்கள். கவுன்சில் நடவடிக்கை எடுத்தால் அந்தச் செலவுக்குத்தான் அது, உத்தரம் பலமாகிவிடாது. இங்கே ஒரு எச்சரிக்கை: பதற்றத்தில் கவுன்சிலுக்கு நீங்களே போன் செய்து இந்த வீட்டைப் பற்றி விசாரித்தால், பிறகு அந்த இன்ஷூரன்ஸே கிடைக்காமல் போகலாம். இணையத்தில் பார்ப்பதோடு நில்லுங்கள். மற்றதை உங்கள் சொலிசிட்டரைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

மூன்று பெட்ரூம் வீட்டுக்கு என்ன விலையோ அதைச் சொன்னோம். மறுத்துவிட்டார்கள், நாங்களும் விலகிவிட்டோம். இரண்டு மாதம் கழித்துச் சும்மா அந்த விளம்பரத்தைத் திறந்து பார்த்தேன். "நான்கு பெட்ரூம்" என்பது "மூன்று பெட்ரூம், லாஃப்ட் ரூம்" (கூரைக்கடி அறை) என்று மாறியிருந்தது.