போருக்குப் போய் வந்த ஒரு சாதாரண சிப்பாயின் வாழ்க்கையில் உங்களை அதிகம் பாதித்தது யாருடையது?

தளபதிகள் வேண்டாம், சாதாரண சிப்பாயாக ஒருவரைச் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு உடனே நினைவுக்கு வருபவர் இங்கிலாந்தின் ஹாரி பாட்ச்.

முதல் உலகப் போரின் பதுங்கு குழிகளில் சண்டையிட்டவர்களில் கடைசியாக உயிரோடு இருந்தவர் அவர். 2009 ஜூலையில், 111 வயதில் இறந்தார். அந்தச் செய்தியில் அவருடைய தொழில் பிளம்பர் என்று போட்டிருந்தது. என் அப்பாவும் பிளம்பர். அதனால்தான் அவரைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன்.

பாத் நகரை ஒட்டிய கூம் டவுன் என்ற ஊரில் 1898இல் பிறந்தார். அப்பா கல் கொத்தனார். ஹாரி 15 வயதில் பிளம்பரிடம் வேலை பழகப் போனார். அந்தக் காலத்தில் குழாய் முதல் கூரைத் தகடு வரை எல்லாம் ஈயம். பிளம்பர் என்ற பெயரே ஈயத்துக்கான லத்தீன் சொல்லிலிருந்து வந்ததுதான். அவருக்குப் பட்டாளத்தில் சேர ஆசையே இல்லை. போரில் காயப்பட்டு வந்த அண்ணன், குழிகளுக்குள் நடப்பதை ஏற்கெனவே சொல்லியிருந்தார். ஆனால் கட்டாய ஆள்சேர்ப்பு விடவில்லை.

1917இல் பெல்ஜியத்தின் பாஷன்டேல் களத்தில், லூயிஸ் இயந்திரத் துப்பாக்கிக் குழுவில் இரண்டாவது ஆள். உதிரி பாகங்களைச் சுமந்து, துப்பாக்கி நின்றுபோகாமல் பார்த்துக்கொள்வது அவர் பொறுப்பு. ஐந்து பேர் கொண்ட அந்தக் குழு தங்களுக்குள் ஓர் உடன்பாடு வைத்திருந்தது: முடிந்தவரை யாரையும் கொல்லக் கூடாது, காலைப் பார்த்துத்தான் சுட வேண்டும். ஒருமுறை ஒரு ஜெர்மன் சிப்பாய் துப்பாக்கி முனைக் கத்தியோடு நேராக ஓடி வந்தபோது, ஹாரி முதலில் தோளில் சுட்டார். அவன் நிற்கவில்லை. அப்புறமும் கணுக்காலிலும் முழங்காலுக்கு மேலும்தான் சுட்டார். செப்டம்பர் 22 இரவு ஒரு குண்டு வெடித்ததில் குழுவில் மூன்று பேர் போய்விட்டார்கள். ஹாரியின் இடுப்பருகே பாய்ந்த இரும்புத் துண்டை மயக்க மருந்தே இல்லாமல் எடுத்தார்கள்.

அவர் களத்தில் இருந்தது சில மாதங்கள்தான். அதைப் பற்றி வாய் திறக்க 80 வருடம் ஆனது. மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. 1998இல், 100 வயதில், ஆவணப்படம் எடுக்க வந்தவர்களிடம்தான் முதன்முதலாகப் பேசினார். முதியோர் இல்லத்தில் எதிர் அறையில் விளக்கு பளிச்சென்று எரிந்தால் அவருக்கு அந்தக் குண்டு வெடித்த வெளிச்சம் ஞாபகம் வருமாம். இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஊர் திரும்பியதும் மறுபடியும் குழாய் வேலைதான். பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தின் வில்ஸ் நினைவுக் கட்டடத்தில் ஓங்கி நிற்கும் கோபுரம் இருக்கிறதே, 1925இல் திறந்தது, அதைக் கட்டியவர்களில் இவரும் ஒருவர். 2005இல் அதே பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவப் பட்டம் கொடுத்தது. ஒரு பிளம்பருக்கு, தான் வேலை பார்த்த கட்டடத்தின் சொந்தக்காரர்கள் கொடுத்த பட்டம்! அப்பாவிடம் இதைச் சொன்னபோது, "அந்தக் குழாயெல்லாம் இன்னும் இருக்குமா?" என்றுதான் கேட்டார்.

இரண்டாம் உலகப் போர் வந்தபோது ஹாரிக்கு 40 தாண்டிவிட்டது. சண்டைக்குக் கூப்பிடும் வயது இல்லை. பகலில் குழாய் வேலை, மற்ற நேரத்தில் பாத் நகரின் துணைத் தீயணைப்புப் படையில் தொண்டு. 1942 ஏப்ரலில் ஜெர்மன் விமானங்கள் அந்த ஊரைத் தாக்கி 400க்கும் மேற்பட்டோர் இறந்த அந்த இரவுகளிலும் தீயை அணைக்கப் போனார். குண்டுச் சத்தம் என்றால் என்னவென்று தெரிந்த மனிதர், யாரும் கட்டாயப்படுத்தாமல் அந்தச் சத்தத்துக்கு நடுவே மறுபடியும் போனார். அவர் வாழ்க்கையில் நான் அதிகம் மதிப்பது இதைத்தான்.

2004இல் பெல்ஜியத்துக்குப் போய், அதே களத்தில் எதிர்ப்பக்கம் நின்ற சார்ல்ஸ் குன்ட்ஸைச் சந்தித்தார். குன்ட்ஸுக்கு 107 வயது. இவர் தன் ஊர் ஆப்பிள் மதுவைக் கொடுத்தார், அவர் பிஸ்கட் கொடுத்தார். வெல்ஸ் தேவாலயத்தில் நடந்த இறுதிச் சடங்கில் பெல்ஜியம், பிரான்ஸ், ஜெர்மனி வீரர்கள் அவர் சவப்பெட்டியோடு நடந்தார்கள். அலங்காரத்துக்குக்கூட ஒரு துப்பாக்கியோ வாளோ உள்ளே வரவில்லை.