கோல்ஃப் டிரைவருக்கு ஸ்டீல் ஷாஃப்டா, கிராஃபைட்டா? உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

கோல்ஃப் கிளப் பழுது பார்ப்பதும், அதன் தண்டான ஷாஃப்டை மாற்றுவதும் பல வருடங்களாக என் வேலை. டிரைவர் (தூரமாக அடிக்க எடுக்கும் மிக நீளமான கிளப்) ஷாஃப்டைப் பற்றி என்ன சந்தேகம் இருந்தாலும் அனுப்புங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்தவற்றில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டுப் பதில் எழுதியிருக்கிறேன்.

அண்ணா, என் ஐயர்ன்களில் (குறைந்த தூரத்துக்கு அடிக்கும் கிளப்கள்) ஷாஃப்ட் எல்லாம் ஸ்டீல். ஓரளவு நேராகவே அடிக்கிறேன். டிரைவர் மட்டும் கிராஃபைட் (கார்பன் இழை), அதில் அடித்தால்தான் பந்து வலப்பக்கம் காட்டுக்குள் போகிறது. டிரைவருக்கும் ஸ்டீல் போட்டுவிடலாமா?

இந்தக் கேள்விதான் அதிகம் வந்தது, அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

உங்கள் 7 ஐயர்ன் சுமார் 37 அங்குலம். டிரைவர் 45, 45½ அங்குலம். கிளப் நீள நீள, பந்து கிளப் முகத்தின் நடுவில் படுவது கடினம். அதோடு டிரைவரின் லாஃப்ட், அதாவது முகம் பின்னால் சாய்ந்திருக்கும் கோணம், 10 டிகிரி அளவுதான், முகம் கொஞ்சம் திறந்து வந்தாலும் பந்து நன்றாகவே வளையும். ஐயர்ன் நேராகப் போக முக்கியக் காரணம் அதன் நீளமும் லாஃப்டும். ஸ்டீலுக்கு அதில் பங்கு குறைவு.

அப்படியென்றால் ஸ்டீல் டிரைவர் வைத்திருந்தவர்கள் நேராக அடித்தார்களே என்பீர்கள். உண்மைதான். அந்த டிரைவர்கள் 43, 43½ அங்குலத்தில் இருந்தன. இரண்டு அங்குலம் குறைந்தால் பந்து நடுவில் படுவது யாருக்கும் சுலபமாகும்.

ஷாஃப்ட் வாங்கும் முன் இதைச் செய்து பாருங்கள். டிரைவர் முகத்தில் கொஞ்சம் டால்கம் பவுடர் தடவி, இப்போது பிடிப்பது போலவே பிடித்து பத்துப் பந்து அடியுங்கள். தடம் எங்கே விழுகிறது என்று ஒவ்வொரு முறையும் பார்த்துத் துடையுங்கள். அப்புறம் ஒன்றரை அங்குலம் கீழே இறக்கிப் பிடித்து இன்னொரு பத்து. இரண்டாவது பத்தில் தடங்கள் நடுவில் கூடினால் உங்கள் பிரச்சினை நீளம். இருக்கிற கிராஃபைட்டையே கிரிப் பக்கம் ஒரு அங்குலம் வெட்டிக்கொள்ளலாம். வெட்டினால் தலை லேசாகத் தெரியும். அரை அங்குலத்துக்கு ஸ்விங் வெயிட் (ஆட்டும்போது தலை எவ்வளவு கனமாகத் தெரிகிறது என்ற அளவு) ஏறத்தாழ 3 புள்ளி இறங்கும், தலையில் 2 கிராம் ஏற்றினால் ஒரு புள்ளி திரும்பும். 6 முதல் 8 கிராம் ஈய டேப் ஒட்டிப் பாருங்கள். முழுவதையும் ஈடுகட்ட வேண்டும் என்பதில்லை, கைக்குப் பிடித்தால் போதும்.

இறக்கிப் பிடித்தும் தடம் நடுவில் விழுந்து, பந்து மட்டும் வலமாகவே போகிறதா? அது ஸ்விங் சம்பந்தப்பட்டது. ஒரு கோச்சிடம் போங்கள். அதற்கு ஷாஃப்ட் மருந்தாகாது.

டைகர் உட்ஸ் ஸ்டீலில்தானே டிரைவர் அடித்தார்? கிராஃபைட் அவ்வளவு நல்லது என்றால் அவர் ஏன் அன்றே மாறவில்லை?

1997 மாஸ்டர்ஸ் போட்டியை 12 ஸ்ட்ரோக் வித்தியாசத்தில் வென்றபோது அவர் டிரைவரில் ஸ்டீல் ஷாஃப்ட்தான் இருந்தது. 2000களின் தொடக்கம் வரை ஸ்டீலோடுதான் ஆடினார், அப்புறம் மாறினார். தயங்கியதற்குக் காரணம் இருந்தது.

ஆதியில் ஹிக்கரி மரத்தில் ஷாஃப்ட் செய்தார்கள். அடிக்கும்போது மரம் முறுக்கிக்கொள்ளும், முகம் எந்தக் கோணத்தில் வந்து சேரும் என்று ஆடுபவர்தான் கைப்பழக்கத்தில் கணித்துக்கொள்ள வேண்டும். 1929ல் கோல்ஃப் விதிகளை வகுக்கும் ஆர் அண்ட் ஏ அமைப்பு ஸ்டீலுக்கு அனுமதி தந்தது. 1931ல் பில்லி பர்க் ஸ்டீல் ஷாஃப்டோடு யு.எஸ். ஓப்பன் போட்டியை வென்றார். அந்த முறுக்கல் தொல்லையை ஒழித்ததுதான் ஸ்டீலின் பெரிய சாதனை.

கிராஃபைட் ஷாஃப்ட் 1970களில் கடைக்கு வந்தபோது லேசாக இருந்தது, ஆனால் விட்டுப்போன முறுக்கலைத் திரும்பக் கொண்டுவந்தது. வேகமாக அடிப்பவர்களுக்குப் பந்து எங்கே போகும் என்ற நிச்சயம் இல்லாமல் போனது. 'கிராஃபைட் என்றால் குறி தப்பும்' என்ற பேச்சு அந்தக் காலத்து மிச்சம். பிறகு கார்பன் இழைகளை நீளவாக்கில் மட்டும் சுற்றாமல் 45 டிகிரி சாய்வில் குறுக்கும் நெடுக்குமாகவும் சுற்றக் கற்றார்கள். அந்தச் சாய்வு அடுக்குகள்தான் முறுக்கலைத் தடுக்கின்றன. கடையில் டார்க் (torque) என்று எழுதியிருக்கும் எண் இதைத்தான் குறிக்கிறது, எண் சிறிதாக இருந்தால் முறுக்கல் குறைவு. இன்றைய டிரைவர் ஷாஃப்ட்கள் பெரும்பாலும் 3 முதல் 5 டிகிரிக்குள் இருக்கின்றன. அதிவேகமாக அடிப்பவர்களுக்கும் ஏற்ற கிராஃபைட் வந்துவிட்டது, அவர்களும் மாறிவிட்டார்கள்.

என் ஸ்விங் வேகம் மணிக்கு 92 மைல். ஸ்டீலுக்குப் போனால் எத்தனை யார்டு இழப்பேன்?

கனமான ஸ்டீல் ஷாஃப்ட் 120 கிராமைத் தாண்டும். கிராஃபைட் 50லிருந்து 70 கிராம். எடையும் ஏறி நீளமும் குறையும்போது 3, 4 மைல் வேகம் குறைவது சாதாரணம். ஒரு மைலுக்கு இரண்டரை யார்டு என்று தோராயமாகக் கணக்குப் போடுங்கள், 8 முதல் 10 யார்டு. உங்கள் வேகத்தில் அது கிட்டத்தட்ட ஒரு கிளப் வித்தியாசம். அந்தத் தூரத்தை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

சார், எனக்கு லேசான ஷாஃப்ட் கையில் இருப்பதே தெரிவதில்லை. மேலே போனதும் கிளப் எங்கே இருக்கிறது என்று தொலைந்துபோகிறது. நண்பரின் பழைய ஸ்டீல் டிரைவரை எடுத்தால் ஸ்விங் தானாக நிதானமாகிறது. எல்லோரும் என்னைத் தடுக்கிறார்கள்.

உங்கள் உணர்வு சரி, தடுப்பவர்கள் சொல்வதும் சரி. உங்களுக்குத் தேவை எடை. அது ஸ்டீலில்தான் வர வேண்டும் என்பதில்லை.

கிராஃபைட் என்றால் ஒரே எடை என்று பலர் நினைக்கிறார்கள். 40 கிராமிலும் இருக்கிறது, 80 கிராமிலும் இருக்கிறது. கடையில் டிரைவரோடு வருவது பெரும்பாலும் 50, 60 கிராம். விற்பனைக்கு லேசானது நல்லது, ரேஞ்சில் (பயிற்சி மைதானத்தில்) நான்கு பந்து அடித்ததும் வேக எண் உயர்ந்து தெரியும். மேலிருந்து கீழே வேகமாக இழுப்பவர்களுக்கு, ஐயர்னில் 120 கிராம் ஸ்டீல் வைத்திருப்பவர்களுக்கு, அது பதினெட்டுக் குழிக்கும் தாங்காது. 75 முதல் 80 கிராம் ஷாஃப்ட் ஒன்றை 44½ அங்குலத்தில் கட்டச் சொல்லிப் பாருங்கள். ஸ்டீலில் நீங்கள் தேடிய நிதானத்தில் பெரும்பகுதி அதில் கிடைக்கும், தூரமும் அதிகம் போகாது. ஸ்டீல் கேட்டு வருகிற பாதிப் பேரை நான் இப்படித்தான் திருப்பி அனுப்புகிறேன், திரும்ப வந்து ஸ்டீல் கேட்டவர்கள் மிகக் குறைவு.

ஸ்டீலில் எஸ் ஃப்ளெக்ஸ் (ஷாஃப்ட் வளையும் அளவு) அடித்துப் பழகியவன். கிராஃபைட்டிலும் எஸ் வாங்கலாமா?

எழுத்தை நம்பாதீர்கள். ஆர், எஸ், எக்ஸ் என்பதற்குப் பொதுவான அளவுகோல் கிடையாது. ஒரு கம்பெனியின் எஸ் இன்னொன்றின் ஆர் போலவும் இருக்கும். முதலில் எடையைத் தீர்மானியுங்கள், அப்புறம் அடித்துப் பார்த்து ஃப்ளெக்ஸ்.

வயது 58. முழங்கை வலியோடு ஆடுகிறேன். என் கணவர் தன் பழைய ஸ்டீல் டிரைவரைத் தருகிறேன் என்கிறார்.

வேண்டாம் அம்மா. உங்களுக்கு 45 முதல் 50 கிராம் கிராஃபைட். அதோடு இன்னொன்று: கையை அதிகம் உலுக்குவது டிரைவர் அல்ல, அது டீயில் (தரையில் குத்தும் சிறு முளையில்) இருக்கும் பந்தைத்தான் அடிக்கிறது. ரேஞ்சில் பாய்மேல் அடிக்கும் ஐயர்ன்தான் உலுக்குகிறது. ஐயர்னையும் கிராஃபைட்டுக்கு மாற்றுங்கள், அதில் குறைச்சல் ஒன்றும் இல்லை. 2020 யு.எஸ். ஓப்பனை வென்ற பிரைசன் டிஷாம்போ ஐயர்னிலும் கிராஃபைட்தான் வைத்திருந்தார். இறுகிப்போன பழைய கிரிப்பையும் மாற்றுங்கள். வலிக்கு மருத்துவரைப் பாருங்கள்.

சென்னையில் இருக்கிறேன். கடல் காற்றுக்கு ஸ்டீல் துருப்பிடிக்கும், கார் டிக்கியின் சூட்டில் கிராஃபைட் வீணாகும் என்கிறார்கள். எதை நம்புவது?

துரு உண்மை. குரோம் பூச்சு தேய்ந்த இடத்திலும், வியர்வை இறங்குகிற கிரிப்புக்கு அடியிலும், குழாயின் உட்புறத்திலும் பிடிக்கும். டிக்கிச் சூட்டில் முதலில் பாதிக்கப்படுவது தலையையும் ஷாஃப்டையும் ஒட்டியிருக்கும் எபாக்ஸி பசை, அது ஸ்டீலுக்கும் பொது. கிளப்பை வீட்டுக்குள் வையுங்கள். கிராஃபைட்டுக்கு எதிரி உரசல்தான். பையின் வாய் விளிம்பில் தேய்ந்து பெயின்ட் போய் இழை தெரிந்தால் அந்த ஷாஃப்டை நம்பி அடிக்காதீர்கள். ஹோசலுக்கு (தலையில் ஷாஃப்ட் செருகும் குழல்) மேலே வளையம் போல விரிசல் தெரிந்தாலும் அப்படியே.

வீட்டிலேயே கிராஃபைட் ஷாஃப்டைக் கழற்றலாமா? ஹீட் கன் இருக்கிறது.

ஸ்டீலைச் சூடாக்கித் திருகி எடுக்கலாம். கிராஃபைட்டைத் திருகவே கூடாது. தொழில் கற்ற காலத்தில் ஒன்றைத் திருகி எடுத்தேன், வெளியே பார்க்க நன்றாகத்தான் இருந்தது, உள்ளே அடுக்குகள் பிரிந்து இரண்டாம் நாளே ரேஞ்சில் ஒடிந்தது. வாடிக்கையாளருக்குப் புதிது வாங்கிக் கொடுத்தேன். நேர்கோட்டில் இழுக்கும் புல்லர் இல்லையென்றால் தொடாதீர்கள். வெட்டும்போதும் குழாய் வெட்டும் கருவி வேண்டாம், அது நசுக்கிவிடும். டேப் சுற்றி, நுண்பல் ரம்பத்தால் அறுங்கள். மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள், அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது.

அப்பா ஆடிய டிரைவர், மரத்தலை, ஸ்டீல் ஷாஃப்ட். அவர் இப்போது இல்லை. கிராஃபைட் போட்டு நான் ஆடலாமா?

ஷாஃப்டை மாற்றாதீர்கள். அந்தத் தலையும் அந்த எடையும் அந்த நீளமும் ஒன்றுக்கொன்று பொருந்திச் செய்யப்பட்டவை, ஒன்றைக் கழற்றினால் அப்பாவின் கிளப் இல்லாமல் போய்விடும். ஷாஃப்டில் துருவிருந்தால் நுண்ணிய ஸ்டீல் உல்லில் மெதுவாகத் தேய்த்து, ஒரு துளி எண்ணெய் தடவித் துடையுங்கள். கிரிப்பைப் புதிதாகப் போடுங்கள், பழைய கிரிப்பை எறியாமல் எடுத்து வையுங்கள். தலையும் ஷாஃப்டும் சேரும் கழுத்தில் நூல் சுற்றியிருந்தால் அது தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள், தளர்ந்திருந்தால் ஆடும் முன் சுற்றச் சொல்லுங்கள். ரேஞ்சின் கடினமான பந்துகளை அதில் அடிக்க வேண்டாம், மரம் பிளக்கும். மென்மையான பந்து ஒன்றை டீயில் வைத்து, அவசரமில்லாமல் அடித்துப் பாருங்கள்.